வண்டியில்லாதார்க்கு ஒரு மாநகரம்

ஆய்க்குடியிலிருந்து தென்காசிக்குச் செல்ல எவரும் வழி கேட்பதில்லை. சாலையோரத்தில் நின்றால் பேருந்து வரும். ஏறி அமர்ந்தால் தென்காசி வந்துவிடும். இறங்கிய பின் கடைத்தெருவாயினும் மருத்துவமனையாயினும் நடந்தே போய்ச் சேரலாம். வழியில் நான்கு பேர் நம்மை அடையாளம் கண்டு நலம் விசாரிப்பார்கள். இத்தகைய ஊரில் பிறந்து, அறுபது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரைச் சென்னை மாநகரின் ஒரு மூலையில் இறக்கிவிட்டால் அவர் என்ன செய்வார்? பேசாமல் ஒரு வாடகைக் காரில் ஏறிக்கொள்வார். அல்லது அந்த ஊருக்கே போகாமல் இருந்துவிடுவார்.

அவ்வாறு போகாமல் இருந்துவிட எண்ணிய ஒரு தாயைப் பற்றியும், போகவே முடியாத அவருடைய மகனைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறோம். நம் குடும்பங்களுள் பலவற்றில் பிள்ளைகள் சென்னையிலும் பெற்றோர் ஊரிலுமாக வாழும் இந்நாளில், இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

"என்னாலே அவங்களுக்குச் செலவு, சாமி"

ஆய்க்குடியில் வாழும் எம் பங்குக் குடும்பம் அது. கணவரை இளமையிலேயே இழந்த அந்தத் தாய், பீடி சுற்றி இரு பிள்ளைகளை ஆளாக்கினார். மூத்தவள் மணமாகிச் சென்னையின் தென்புறத்தில், மேடவாக்கத்தை அடுத்த ஒரு புறநகரில் குடியிருக்கிறாள். இளையவனுக்குக் குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு கால்கள் இரண்டும் விளங்காமற் போயின. அவன் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தையல் கற்று, தன் கையால் உழைத்து உண்கிறான்.

2025 மே மாதம் மகளின் மூத்த பையனுக்குப் புதுநன்மை. "அம்மா, நீங்க கட்டாயம் வரணும்" என்று மகள் தொலைபேசியில் அழைத்தாள். தாயோ மறுத்துவிட்டார். காரணம் கேட்டபோது முதலில் முழங்கால் வலி என்றார். பிறகு ஆடு குட்டி போட்டிருக்கிறது என்றார். இறுதியில் உண்மை வெளிவந்தது.

"மூணு வருஷத்துக்கு முன்னாலே போனேன், சாமி. மருமகன் லீவு போட்டு, கார் பிடிச்சு ரயிலடிக்கு வந்தார். கோவிலுக்குக் கார், சொந்தக்காரங்க வீட்டுக்குக் கார். அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் கணக்குப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சாங்க. என்னாலே அவங்களுக்குச் செலவு, சாமி. நான் இங்கேயே இருந்து பேரனுக்காகச் செபமாலை சொல்லிக்கிறேன்."

அருகிலிருந்த மகன் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையெடுக்காமலே, "அம்மாவாவது போயிட்டு வரட்டும், சாமி. என்னையக் கூப்பிடுறதுக்கு அவங்களுக்கும் தைரியமில்லே, போறதுக்கு எனக்கும் தைரியமில்லே" என்றான். அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைச் சொல்வதைப் போலச் சொன்னான்.

அதே வாரத்தில் நமக்கும் சென்னையில் ஓர் அலுவல் இருந்தது. "அம்மா, எம்முடன் வாருங்கள். யாரும் ரயிலடிக்கு வர வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுவோம். போகும் வழியெல்லாம் பேருந்தும் ரயிலுந்தான்" என்றோம். அரை மனத்தோடு இசைந்தார். உண்மையைச் சொல்லப்போனால், நமக்கும் அந்நகரின் பேருந்துகளைப் பற்றித் தெரிந்தது சொற்பமே. முன்பெல்லாம் யாரேனும் ஒருவர் வண்டியோடு வந்து நம்மை அழைத்துச் செல்வதே வழக்கமாக இருந்தது.

பரந்து போன பட்டணம்

நிற்க. அந்தத் தாயின் அச்சம் வீண் அச்சமன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னை, நடப்பவர்களின் ஊராகத்தான் ஒரு காலத்தில் இருந்தது. 1895-ல் அங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதலாவது அது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. டிராம் வண்டிகள் 1953-ல் நின்றுபோயின. 1972 சனவரி முதல் நாள் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றி, நகரப் பேருந்துகளை ஏற்றது. அதுவே பின்னர் இரண்டாகப் பிரிந்து, 2001-ல் மீண்டும் ஒன்றாகி, இன்று மாநகர் போக்குவரத்துக் கழகம் என வழங்குகிறது. 1973-ல் அண்ணா மேம்பாலம் திறக்கப்பட்டது. அதன் பின் எத்தனை மேம்பாலங்கள்! அவை யாவும் வண்டிகள் நில்லாமல் விரைய எழுந்தவை. பாலத்தின் கீழே சாலையைக் கடக்க நிற்கும் மனிதனுக்கு அவற்றால் வந்த நன்மை குறைவே.

ஊரும் அகன்றுகொண்டே போயிற்று. 174 சதுர கி.மீ. பரப்பிலிருந்த மாநகராட்சி, 2011-ல் 426 சதுர கி.மீ. ஆயிற்று. மாநகரைச் சூழ்ந்த பெருநகர்ப் பகுதி என வரையறுக்கப்பட்டிருந்த 1,189 சதுர கி.மீ., 2022-ல் 5,904 சதுர கி.மீ. என விரிவாக்கப்பட்டது. நம் தென்காசி மாவட்டத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அது. வேலை ஒரு கோடியில், வாடகை கட்டுப்படியாகும் வீடு மறு கோடியில். இடைத்தொலைவைக் கடக்க ஒவ்வொரு வீடும் ஒரு மோட்டார் சைக்கிளையோ காரையோ கடனில் வாங்குகிறது. வாங்கியவர்கள் மிகுந்தபோது சாலை போதவில்லை. சாலையை அகலப்படுத்த நடைபாதை குறைந்தது. நடைபாதை குறையவே நடந்தவர்களும் வண்டி வாங்கினார்கள்.

இந்தச் சுழலில் அகப்பட்டது சென்னை மட்டுமன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு காலத்தில் சிவப்பு நிற மின்சார ரயில்கள் பல நூறு மைல் நீளத்துக்கு ஓடின. காரே போதும் என்ற எண்ணம் வளர, அவற்றுள் கடைசிப் பாதையும் 1961-ல் நின்றது. நெரிசலும் புகையும் கண்டு தெளிந்த பின், ஏறத்தாழ அதே பாதையில் 1990-ல் புதிதாக ரயில் விட்டார்கள். சென்னையில் 2015-ல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதும் இதைப் போன்றதொரு தெளிவே ஆகும். நகரங்கள் வாகனங்களை நகர்த்துவதை விட்டு மக்களை நகர்த்துவதில் கருத்தூன்ற வேண்டுமென 2006-ல் வெளிவந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் கூறுகிறது. ஐம்பது பேர் ஒரு பேருந்தில் செல்வதற்கும், ஐம்பது கார்களில் செல்வதற்கும் சாலையில் வேண்டிய இடத்தைக் கற்பனை செய்து பார்த்தால் இக்கொள்கைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

தாம்பரத்தில் விடிந்தது

பொதிகை விரைவு ரயிலில் தென்காசியில் ஏறி, விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கினோம். எழும்பூர் வரை போய்ப் பின் தெற்கே திரும்பி வருவதே பலருடைய வழக்கம். தென்புறநகர் செல்பவர்க்கு அஃது ஒரு மணி நேர வீண் அலைச்சல். இதைக்கூட நமக்குச் சொன்னவர் உடன் பயணம் செய்த ஒரு கல்லூரி மாணவியே.

தாம்பரம் கிழக்குப் பக்கத்தில் வேளச்சேரிக்குச் செல்லும் பேருந்துகள் மேடவாக்கம் வழியாகவே போகின்றன. ஏறத்தாழ பத்து கி.மீ. தொலைவு. வந்து நின்ற வண்டியில் வெள்ளைப் பலகை இருந்தது. நடத்துநர் அந்தத் தாயிடம் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் அடுத்தவரிடம் போனார். தாய் திகைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி, "ஐயா, காசு வாங்கலியே!" என்று குரல் கொடுத்தார். வண்டியே சிரித்தது. "பெரியம்மா, உங்க ஊர்லேயும் இதே கதைதானே? லேடீஸுக்குக் காசு கிடையாது. உட்காருங்க, மேடவாக்கம் வந்ததும் நானே சொல்றேன்" என்றார் நடத்துநர்.

2021 மே 8 முதல் தமிழகமெங்கும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. ஆய்க்குடிப் பேருந்தில் அந்தத் தாயும் நாள்தோறும் அவ்வாறே போய்வருகிறார். ஆயினும் சென்னையில் அந்தச் சலுகை தமக்கு இராது என்றே எண்ணியிருந்தார். "அது அவங்க ஊர், சாமி" என்றார். அந்தச் சீட்டை அவர் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். மாநகரமும் தம் ஊர்தான் என்பதற்கு அவருக்குக் கிடைத்த முதல் அத்தாட்சி அதுவாக இருக்கலாம்.

மகள் வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தாள். தாய் பேருந்தில் வந்து, நிறுத்தத்திலிருந்து நடந்தே தெருமுனையில் திரும்புவதைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "கஷ்டப்பட்டு வந்தீங்களே அம்மா" என்றாள். "என்ன கஷ்டம்? தென்காசிக்குப் போற மாதிரிதானே வந்தேன்" என்றார் தாய், ஏதோ நாள்தோறும் வந்து போகிறவரைப் போல.

மூன்று தலங்கள், ஒரு பகல்

புதுநன்மைக்கு முந்திய நாள், தோமையார் தலங்கள் மூன்றையும் கண்டுவர வேண்டுமெனத் தாய் விரும்பினார். மருமகன் கார் பிடிக்க முனைந்தார், நாம் தடுத்தோம். பையனும் எம்முடன் புறப்பட்டான்.

மேடவாக்கத்திலிருந்து பேருந்தில் வேளச்சேரி. அங்கிருந்து, 1995-ல் தொடங்கி 2007-ல் வேளச்சேரி வரை நீண்ட பறக்கும் ரயிலில் திருமயிலை. பின் சிறிது தொலைவு ஆட்டோவில் சாந்தோம். அங்கே செபித்தபின் மயிலாப்பூருக்குத் திரும்பி, பேருந்தில் சைதாப்பேட்டை வந்து, சின்னமலைத் திருத்தலத்தைக் கண்டோம். சின்னமலையில் மெட்ரோ ரயில் ஏறி, ஆலந்தூரில் மாறி, பரங்கிமலை அடைந்தோம். மலையேறுவது அந்தத் தாயின் முழங்காலுக்கு ஆகாது. ஆகவே மீண்டும் ஓர் ஆட்டோ. ஆக, நெடுந்தொலைவுகளுக்குப் பொது ஊர்திகள். கடைசித் துண்டுக்கு மட்டும் வாடகை வண்டி. நாள் முழுவதும் கார் அமர்த்தியிருந்தால் ஆகியிருக்கும் செலவில் சிறு பகுதிகூட ஆகவில்லை.

நடந்தவை யாவும் சுகமாக இருந்தன என்று சொல்லி வாசகர்களை ஏமாற்ற மாட்டோம். வெயிலில் ஒரு நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றோம். நிழற்குடையின் கீழே இடமில்லை. ஓரிடத்தில் சாலையைக் கடக்க, ஒரு போலீஸ்காரர் கையை உயர்த்தும்வரை மூவரும் கைகோத்து நின்றோம். நடைபாதையில் ஓரிடத்தில் குழி, மறு இடத்தில் மோட்டார் சைக்கிள், இன்னோரிடத்தில் மின்பெட்டி. இவற்றையெல்லாம் அந்தத் தாய் முணுமுணுக்காமல் கடந்தார்.

ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தில்தான் அவர் நின்றுவிட்டார். மின்தூக்கியின் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் ஓர் இளைஞர், மடியில் மடிக்கணினிப் பையுடன், எவர் துணையுமின்றி வெளியே வந்தார். நடைமேடையில் தாமே சக்கரத்தைத் தள்ளிச் சென்றார். ரயில் வந்தது. பெட்டியின் தளமும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருந்தன. அவர் உருண்டு ஏறினார், கதவு மூடிற்று, ரயில் போய்விட்டது.

தாய் அந்தத் திசையையே பார்த்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அவனும் வந்திருக்கலாமே, சாமி."

பையன் உடனே பற்றிக்கொண்டான். "ஆமா ஆச்சி, மாமா ஏன் வரலே?"

மாமா ஏன் வரவில்லை?

இந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே எண்ணினோம். அந்த மகன் ரயிலில் தாம்பரம் வரை வந்துவிடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கென விரைவு ரயில்களில் தனிப் பெட்டி உண்டு. அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் பத்து கி.மீ. அந்தப் பாதையில் மெட்ரோ இல்லை, பேருந்து உண்டு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் அவருடைய துணையாளருக்குங்கூடக் கட்டணமில்லை. ஆனால் நாம் ஏறிய பேருந்தின் வாயிலில் மூன்று படிகள் இருந்தன. கட்டணத்தை நீக்கிவிட்டோம், படியை நீக்கவில்லை. அறுநூறு கி.மீ. கடந்து வரக்கூடிய ஒருவனை, ஒரு முழ உயரப் படி தடுத்து நிறுத்துகிறது.

அவன் வாழும் ஊர் எது என்பதை எண்ணும்போது நம் வருத்தம் இன்னும் மிகுகிறது. மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுப் பணியில் ஆய்க்குடியின் பெயர் நாடறிந்த ஒன்று. 1975-ல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கழுத்தெலும்பு முறிந்து, கை கால்களின் இயக்கத்தை இழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-ல், அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டில், அமர் சேவா சங்கத்தை இங்கே தோற்றுவித்தார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சரிவுப் பாதைகளையும், சக்கர நாற்காலிக்கு ஏற்ற வாயில்களையும் அங்கே எவரும் காணலாம். ஆய்க்குடியில் ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் இயல்வது, பெருஞ்செல்வம் படைத்த மாநகரின் தெருவில் ஏன் இயலாது?

இயலும் என்பதற்கும் சான்று உண்டு. 2016-ல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேருந்தும் ரயிலும் அவர்கள் ஏறத்தக்கனவாக இருக்க வேண்டுமென விதிக்கிறது. சட்டம் இருந்தும் படி தாழவில்லை; ஆகவே மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்குக் குரல் கொடுப்போர் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று வாதாடினர். அதன் பயனாக, 2024 ஆகஸ்டில் 58 தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைகளில் இறங்கின. இவற்றின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 மி.மீ. உயரமே. நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழும். வாயிலிலிருந்து சரிவுப் பலகையை விரித்தால் சக்கர நாற்காலி உருண்டு ஏறும். உள்ளே அதை நிறுத்தவும் இடமுண்டு. நாம் ஊர் திரும்பிய மறு மாதம், 2025 ஜூன் 30 அன்று, இத்தகைய தாழ்தளத்தோடு 120 மின்சாரப் பேருந்துகளும் ஓடத் தொடங்கின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள் ஓடும் நகரில் இவ்வெண்ணிக்கை சிறிதே. ஆயினும், கேட்டதால் கிடைத்தது என்பதை மறத்தலாகாது.

டென்வர் நகரில் பத்தொன்பது பேர்

இவ்விடத்தில் அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் பொருந்தும். அமெரிக்காவின் டென்வர் நகரில், வேட் பிளாங்க் என்ற பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர், மருத்துவ விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த ஊனமுற்ற இளைஞர்கள் வெளியே வந்து தம் வாழ்வைத் தாமே நடத்தத் துணை நின்றார். வெளியே வந்தவர்கள் கண்டது, தாங்கள் ஏற முடியாத பேருந்துகளை. 1978 ஜூலை 5 அன்று, அவர்களுள் 19 பேர் நகரின் நடுவே ஒரு சாலைச் சந்திப்பில் சக்கர நாற்காலிகளோடு பேருந்துகளை மறித்தனர். சிலர் நாற்காலியிலிருந்து இறங்கிச் சாலையிலேயே படுத்தனர். இரவு முழுவதும் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை. நாளடைவில் அந்நகரப் பேருந்துகளில் சக்கர நாற்காலியை ஏற்றும் கருவிகள் பொருத்தப்பட்டன. 1990-ல் அமெரிக்க நாடு முழுமைக்கும் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வந்ததற்கு இத்தகைய போராட்டங்களே வழி திறந்தன.

அந்தப் போதகர் அவர்களைச் சுமந்து சென்று பேருந்தில் ஏற்றிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுமப்பது அன்று ஒருநாள் உதவும். படியைத் தாழ்த்துவது என்றும் உதவும். கப்பர்நாகுமில் முடக்குவாதக்காரரைக் கொணர்ந்த நால்வரும் வாயிலில் வழியில்லை என்று கண்டு திரும்பிவிடவில்லை, கூரையையே திறந்தார்கள். இக்காலத்து நால்வர் செய்ய வேண்டிய திருத்தம் கூரையில் இல்லை, தெருவில் இருக்கிறது.

நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சென்னைக்குச் செல்லும் நம் மக்களுக்கு, இப்பயணத்தில் நாம் கற்றவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

ஒன்று: புறப்படுமுன், போகுமிடம் நகரின் எத்திசையில் உள்ளது எனக் கேட்டறிக. தெற்கே எனில் தாம்பரத்தில் இறங்குவதே நலம். நடுநகரம் எனில் தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயில் உண்டு; அதில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் மெட்ரோ நிலையம் அருகிலேயே உள்ளது.

இரண்டு: அரசு விரைவுப் பேருந்தில் செல்வோர் கோயம்பேடு வரை போகலாமென எண்ணியிருத்தல் வேண்டாம். தென்மாவட்டப் பேருந்துகளுக்கென வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று புதிய நிலையம் திறக்கப்பட்டது. அதன் உள்ளேயே மாநகரப் பேருந்துகள் நிற்கின்றன. வெளியே வந்து வாடகைக் காரைத் தேடுமுன் உள்ளே ஒருமுறை விசாரியுங்கள்.

மூன்று: மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வெள்ளைப் பலகையிட்ட சாதாரணப் பேருந்துகளில் மட்டுமே. அவற்றுள் பலவற்றின் முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டிருக்கும். ஏறுமுன் நடத்துநரை ஒரு வார்த்தை கேட்பதில் குற்றமில்லை.

நான்கு: மெட்ரோ ரயிலில் கட்டணம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. முதியோரும் நோயாளிகளும் மின்தூக்கியைக் கேட்டுப் பயன்படுத்துக. காலை எட்டு மணி முதல் பத்து மணி வரையிலான நெரிசலைத் தவிர்த்தல் நன்று.

ஐந்து: 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' என்னும் கைப்பேசிச் செயலி வெளியாயிற்று. பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ ஆகிய மூன்றுக்கும் அதில் சீட்டுப் பெறலாம். எந்த வண்டி எப்போது வரும் என்பதையும் காணலாம். பெரியோர்க்கு அது கடினமெனில் பேரப்பிள்ளைகள் கற்றுக்கொடுக்கட்டும். அதற்கென ஒரு மாலை நேரத்தை ஒதுக்குவது, அவர்களுக்கு ஒரு கார் அமர்த்திக் கொடுப்பதினும் மேலான உபசாரம்.

ஆறு: சென்னையில் வாழும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். அப்பாவும் அம்மாவும் வந்தால் எப்படி அழைத்துப் போவது என்று கலங்காதீர்கள். முதல் நாள் அவர்களோடு பேருந்தில் போய்வாருங்கள். இரண்டாம் நாள் அவர்களே போய்வருவார்கள். அந்தப் பேருந்திலிருந்து இறங்கி வரும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் நிறைவை நாம் கண்டோம்.

ஒரு பள்ளிச் சிறுவனின் கணக்கு

புதுநன்மை இனிதே நிறைவேறியது. ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து, அந்தத் தாய் ஒரு கடிதத்தோடு எம் இல்லம் வந்தார். அது அவருடைய பேரன் தன் மாமாவுக்கு எழுதியது. பள்ளி நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த இரு தாள்கள். ஒரு ஞாயிறு மாலை அவனும் அவன் தந்தையும் பேருந்து நிறுத்தத்திலிருந்து தங்கள் வீடு வரை நடந்து, மாமாவின் நாற்காலி எங்கெங்கே போகாது என்று குறித்திருந்தார்கள். நிறுத்தத்தின் மேடைக்குச் சரிவில்லை. சாக்கடை மூடி ஒன்று உடைந்திருக்கிறது. தேநீர்க் கடையின் பெஞ்சு நடைபாதையில் கிடக்கிறது. ஒரு மின்கம்பம் பாதையின் நட்டநடுவில். கடைசியாக, தங்கள் வீட்டு வாயிலிலேயே இரண்டு படிகள். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு சிறு கட்டம் வரைந்திருந்தான், சரியானால் குறியிடுவதற்காம்.

மூன்று கட்டங்களில் குறி இருந்தது. வீட்டு வாயிலில் தந்தை சிமெண்டுச் சரிவு கட்டிவிட்டார். தேநீர்க் கடைக்காரர் சொன்ன மாத்திரத்தில் பெஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டார். சாக்கடை மூடிக்குத் தெருவார் இருபத்தேழு பேர் கையொப்பமிட்டு மனுக் கொடுக்க, அது மாற்றப்பட்டது. எஞ்சிய எட்டுக்கும் மனுக்கள் போயிருக்கின்றன. தாம்பரத்திலிருந்து அவ்வழியே தாழ்தளப் பேருந்து வேண்டுமென்றும் ஒரு மனு.

மகன் அந்தத் தாள்களைத் தன் தையல் இயந்திரத்துக்கு மேலே, சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். சென்ற வாரம் போனபோது, "எப்போது புறப்பாடு?" என்று கேட்டோம்.

"எட்டு பாக்கியிருக்கே, சாமி" என்றான் சிரித்தபடி. பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "நம்ம தெருவிலே எத்தனைன்னு நானும் எண்ணிப் பார்த்தேன். பதினாலு இருக்கு" என்றான்.

அன்பான வாசகர்களே, நம் வீட்டு வாயிலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, நம் கோவில் வாயிலிலிருந்து பீடம் வரை, எத்தனை இருக்கின்றன? இந்த ஞாயிறன்று நாமும் எண்ணிப் பார்ப்போமாக. எம் கோவிலின் முகப்பில் ஐந்து படிகள் உள்ளன. இத்தனை ஆண்டுகளாக அவற்றில் நாள்தோறும் ஏறி இறங்கியும் அவற்றை நாம் எண்ணியதில்லை. சரிவுப் பாதை அமைக்கும் வேலை வரும் மாதம் தொடங்குகிறது.